சின்னதாய்ப் போன பெட்டி

இருதயமேரி ஜெயித்தவை என்னென்ன என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினோரு வயதில் விஷ சுரத்தை ஜெயித்தாள். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டவர்கள் அந்தக் கோயில் தெருவில் அவளுக்கு முன் ஒருவரும் இல்லை. கையகல நிலம் இல்லாத வீட்டை, விதை கேட்டு மற்றவர்கள் வந்து நிற்கிற வீடாக ஆக்கினாள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல் ஆறு எழுத்துக் கற்றாள். தெரு வைத்த பட்டப்பெயரை, வைத்தவர்களே கூச்சப்பட்டு விட்டுவிடும்படி செய்தாள். கடைசியாக விழுப்புரத்து ஜெயத்தம்மாளை ஜெயித்தாள். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பது பிரசித்தம். அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்தாள்.

இத்தனைக்கும் துணையாக இருந்தது ஒரு பெட்டி. சுற்றி வளைக்க வேண்டியதில்லை, அது சவப்பெட்டி. அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி நடந்தால் மாதா கோயில் வரும். கோயிலுக்குப் பின்னால் ஓலை வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. அதில் வேப்பமரத்துக்குப் பக்கத்து வீடு சின்னப்பனுடையது. அவர் ஊர்க்காரர் நிலத்தில் ஏர் ஓட்டினார். அவர் மனைவி அஞ்சம்மாள் நடவுக்கும் களைக்கும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் போவாள். மூத்தவன் சவுரிராயன் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்து நின்றுவிட்டவன். இளையவள் இருதயமேரி. இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பையன் பிறந்து, மூன்று வயதில் போய்விட்டான்.

அந்தப் பையனிடமிருந்துதான் பெட்டியின் கதை தொடங்குகிறது. தெருவில் யார் செத்தாலும் தூம்பாவில்தான் போவார்கள். தூம்பா என்பது கோயிலுக்குச் சொந்தமான பொதுப் பெட்டி. தோளில் தூக்க நான்கு பக்கமும் பிடி வைத்தது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் பிணம் அதில் போகும். குழி ஓரத்தில் பாயோடு எடுத்து உள்ளே இறக்குவார்கள். தூம்பா திரும்பி வந்து, கோயில் கொட்டகையில் அடுத்த ஆளுக்காகக் கிடக்கும். இதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. அஞ்சம்மாளுக்கு மட்டும் இருந்தது. தூம்பா பெரிய ஆள் அளவு. மூன்று வயதுப் பிள்ளையை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, வரப்பில் ஏறி இறங்கும் இடத்திலெல்லாம் பிள்ளை உள்ளே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருண்டது. பின்னால் வந்த அவள் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. வீட்டுக்கு வந்து, அழுது முடித்த பிறகு, சின்னப்பனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: இனிமேல் இந்த வீட்டில் யாருக்கானாலும், அளவாக ஒரு பெட்டி வேண்டும், உள்ளே அசையக் கூடாது.

1952 ஆம் வருஷத்துக் கோடையில் இருதயமேரிக்கு விஷ சுரம் வந்தது. கண் திறக்காமல் கிடந்தாள். சாமியார் வந்து எண்ணெய் பூசி, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பெற்றவர்களைப் பார்க்காமல் வெளியே போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்குத் தெரியும். அஞ்சம்மாள் தன் புடவைத் தலைப்பை மகளின் உச்சந்தலையில் வைத்துக் குதிகால் வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டாள். தோளின் அகலத்துக்கு இன்னொரு முடிச்சு. அந்தப் புடவையோடேயே திண்டிவனத்துக்கு நடந்துபோய் வெங்கடாசலம் ஆசாரி முன்னால் நின்றாள். ஆசாரி முடிச்சுகளைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் உளிகளை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார்.

பலகை வீட்டிலேயே இருந்தது. முந்தின வருஷத்துக் காற்றில் பின்கட்டுப் பூவரசு சாய்ந்தபோது சின்னப்பன் அதை அறுத்து, வாசலுக்கு ஒரு கதவு போடலாம் என்று கூரைக்கடியில் காயவைத்திருந்தார். மாம்பலகை என்று சிலர் சொல்லுவார்கள், அது தவறு. பூவரசுதான். கதவு பெட்டியாயிற்று. வாசலில் கீற்றுத் தட்டியே நின்றது. ஆசாரி தன் மகளுக்குச் செய்கிற மாதிரி செய்தார். எறும்பு நுழைய இடுக்கில்லை. செஞ்சி சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்த ஆட்களிடம் கொஞ்சம் தார் வாங்கி வெளிப்பக்கம் பூசினார்கள். மூடியில் ஆசாரியே வெள்ளைச் சாயத்தில் சிலுவை போட்டார். பேர் எழுத வேண்டும். அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவன் சவுரிராயன் ஒருவன்தான். அவன் வேலங்குச்சியின் நுனியை மென்று, சிலுவைக்குக் கீழே எழுதத் தொடங்கினான். அழகாக வர வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, குண்டாக எழுதினான். 'இருதயமே' என்பதற்குள் மூடியின் விளிம்பு வந்துவிட்டது. கடைசி 'ரி'யை ஓரத்தில் கோழிக்குஞ்சு அளவுக்குச் சின்னதாக நெருக்கிப் போட்டான். பேருக்குக் கீழே தேதி எழுத இடம் விட்டுவைத்தான். தேதி அவர்கள் கையில் இல்லையே.

அந்தத் தேதி வரவில்லை. சுரம் இறங்கிற்று. விடிந்து வெயில் தட்டி வழியாக உள்ளே வந்த நேரம் இருதயமேரி கண்ணைத் திறந்தாள். எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்த கறுப்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாம்மா இது பொட்டி?"

அஞ்சம்மாளுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "வெத மல்லாட்ட போட்டு வைக்க, கண்ணு."

"நம்மகிட்ட ஏதும்மா வெத மல்லாட்ட?"

"இனிமே வரும்," என்றாள் தாய்.

பிழைத்த பிள்ளைக்குச் சொன்ன பொய். இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். இருதயமேரி மறக்கிற ஆள் இல்லை. நடக்கத் தெம்பு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தாள், வெறுமையாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில், மல்லாட்டை பிடுங்கி முடித்த மானாவாரிக் கொல்லையில் மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கிளறிப் பொறுக்கிக்கொள்ளலாம். கொல்லைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். பொறுக்கினதை வரப்பிலேயே சுள்ளி மூட்டி, சுட்டுத் தின்றுவிட்டுத்தான் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். இருதயமேரி தின்னமாட்டாள். மடியில் கட்டிக்கொண்டு வந்து, வெயிலில் காயவைத்து, பொக்கும் சொத்தையும் நீக்கி, நல்ல காயாகப் பார்த்துப் பெட்டியில் போடுவாள். மேலே வேப்பிலை பரப்பி மூடுவாள். முதல் வருஷம் பெட்டியின் அடிப்பலகை மறைந்தது. அதற்கே அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தெரு தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. சில கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். 'பெட்டிக்காரி' என்கிற பேர் அப்போது ஒட்டியது. ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பெட்டி வைத்திருக்கிறோமே, அதனால்தான் என்று பெருமையாகவே இருந்தாள்.

புரிந்தது பதின்மூன்றாவது வயதில். கொல்லையில் காய் பொறுக்கும்போது அம்சவள்ளி என்ற பெண்ணோடு சண்டை வந்தது. ஒரே செடியின் அடியில் இரண்டு பேரும் கை வைத்ததுதான் காரணம். அம்சவள்ளி காயை விட்டுவிட்டு, "எடுத்துக்கினு போய் உன் சவப்பொட்டில கொட்டிக்கோ, போ," என்றாள்.

இருதயமேரி காயை மடியில் முடிந்துகொண்டு நேராக வீட்டுக்கு வந்தாள். அப்போது சவுரிராயன் விழுப்புரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். ரயில்வே லோகோ ஷெட்டில் கரி அள்ளுகிற வேலை கிடைத்திருந்தது. அவனைப் பெட்டிக்கு எதிரே உட்காரவைத்தாள்.

"அண்ணா, மூடில இன்னா எழுதிக்கீது?"

"உன் பேரு."

"நீ எழுதினதா?"

"ஆமா."

"கடசி எழுத்து மட்டும் ஏன் சின்னதா கீது?"

"எடம் பத்தல."

அவள் அழப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். உள்ளே அடுப்படியில் அஞ்சம்மாளும் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். இருதயமேரி பெட்டியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவிப் பார்த்தாள். யாரோ தனக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத்துணியைக் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தது போல இருந்தது அவள் முகம். தூம்பாவில் போன அண்ணன் கதை அவளுக்குத் தெரியும். கதவுக்கு வைத்திருந்த பலகை எங்கே போயிற்று என்பதும் அந்த நிமிஷம் விளங்கியது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் அண்ணனின் விரலைப் பிடித்து வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். பிறகு எழுந்து மடியை அவிழ்த்து, அன்றைக்குக் கொண்டுவந்த காயைப் பெட்டியில் கொட்டினாள்.

"நாஞ் சாவல. பொட்டி நல்லாக்கீது. அத எதுக்கு வீணாக்கணும்?" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தார் மூடிதான் பலகை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அண்ணன் எழுதின எழுத்துக்கு மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவாள். கை பழகினதும் பக்கத்தில் எழுதுவாள். அவளுக்குத் தெரிந்தது ஆறே எழுத்து. ஆனால் அந்த ஆறையும் எங்கே கண்டாலும் விடமாட்டாள். சாலை பிரிகிற இடத்தில் மேல்சித்தாமூர் என்று எழுதியிருக்கிற கைகாட்டி மரத்தில் 'மே' இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். திண்டிவனத்துக்குப் போனால் பாண்டிச்சேரி பஸ் நிற்கிற இடத்துக்கு அம்மாவை இழுத்துக்கொண்டு போய், "இந்த பஸ்ஸு என் பேர்ல முடியுதும்மா," என்பாள். அஞ்சம்மாளுக்கு எழுத்து எதுவும் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நின்று பார்ப்பாள்.

பெட்டி நிறைய நாலைந்து அறுவடை பிடித்தது; பழைய காய் முளைக்காது என்று வருஷா வருஷம் அதைத் தின்னக் கொடுத்து, புதுக் காயாக மாற்றிக்கொள்வாள். நிறைந்த வருஷம் தை மாதத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. ஊரில் பெரிய கொல்லைக்காரரான முருகையன் வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்த விதை ஈரம் பட்டுப் பூச்சி பிடித்துப்போயிற்று. மற்றவர்களுக்கும் அதே கதி. தாரும் பூவரசுமாக இருந்த பெட்டிக்குள் ஒரு காய் கெடவில்லை. ஆடி பிறந்தபோது முருகையன் வாய்க்காலைத் தாண்டி வந்து சின்னப்பன் வாசலில் நின்றார். அவர் வீட்டு லட்சுமியம்மாள், சவப்பெட்டியில் கிடந்த விதையா என்று முகத்தைச் சுளித்தாளாம். முருகையன் அதற்கு, எப்படியும் மண்ணுக்குள்ள போறதுதானே என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பேச்சு. விதைக்குப் பதிலாக அவர் ஓடை ஓரத்தில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த துண்டு ஒன்றை, விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விட்டார். சின்னப்பன் தன் ஆயுளில் தனக்கென்று விதைத்தது அந்த ஆடியில்தான். தகப்பன் முன்னால் ஏர் பிடிக்க, மகள் பின்னால் நடந்து சாலில் பருப்பைப் போட்டாள். அதற்குப் பிறகு தெருவில் விதை வேண்டும் என்றால் 'மேரிகிட்ட கேளு' என்றார்கள். 'பெட்டிக்காரி' கொஞ்சம் கொஞ்சமாக வாயிலிருந்து விழுந்துபோயிற்று. அம்சவள்ளியே விதை வாங்க வந்தபோது வாசலில் நின்று கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். இருதயமேரி அவளுக்கு ஒரு முறம் அதிகமாகவே அள்ளிப் போட்டாள்.

இதெல்லாம் சரி, கலியாணம்?

அங்கேதான் இடித்தது. பெண் கேட்டு வந்தவர்கள் கஞ்சி குடிப்பார்கள், பெண்ணைப் பார்ப்பார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு: ஒரு ஆளுக்கென்று அளந்து செய்த பெட்டி அந்த ஆளை வாங்காமல் ஓயாது, அவள் போகிற வீட்டுக்கும் அது பின்னாலேயே வரும். கோயில் உபதேசியார் இது அஞ்ஞானம் என்று பிரசங்கமே செய்துபார்த்தார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பெண் எடுக்க ஒருவரும் வரவில்லை. அஞ்சம்மாள் பெட்டியை உடைத்துவிடு என்று மகளிடம் கெஞ்சினாள். உடைத்தால் விதையை எதில் போடுவது என்று அவள் கேட்பாள். பானையில் எலி, மூட்டையில் பூச்சி. விதை போனால் ஓடைத் துண்டு போகும். பழையபடி எல்லாரும் கூலி. அவளுக்குக் கலியாணமும் வேண்டும், பெட்டியும் வேண்டும். இரண்டும் சேராது என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

விழுப்புரத்தில் சவுரிராயனுக்கு மரியசூசை என்று ஒரு சிநேகிதன் இருந்தான். ரயில்வேயில் கேங்மேன், விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் தண்டவாளம் பார்க்கிற கோஷ்டி. தகப்பன் இல்லை. தாய் ஜெயம். ஊருக்கு வெளியே அரைக்காணிக் கொல்லையும் ஒரு வீடும் உண்டு. சவுரிராயன் தங்கையைப் பற்றி ஒன்று விடாமல் அவனிடம் சொல்லியிருந்தான், பெட்டியைப் பற்றியும்தான். மரியசூசை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். வந்து பெண்ணையும் பார்த்தான். இருதயமேரியும் அவனைப் பார்த்தாள். பேச்சு முடிந்தது. அவன் செய்த ஒரே தப்பு, பெட்டி விஷயத்தைத் தாயிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதன் மேல் பாயும் தலையணையும் அடுக்கியிருந்ததால் ஜெயத்தின் கண்ணில் படவில்லை.

1962, ஈஸ்டர் முடிந்து கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் சொல்லலாம். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. அந்த வாரத்தில் யாரோ திண்டிவனத்து ஆள் பெட்டி விஷயத்தை ஜெயத்தம்மாள் காதில் போட்டுவிட்டார். மூன்றாம் ஓலைக்கு முதல் நாள் சனிக்கிழமை, காலைப் பாசஞ்சரில் ஏறி, மகனையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். சவுரிராயனும் கூட ஓடிவந்தான்.

ஜெயம் உள்ளே வந்து உட்காரவில்லை. பாயையும் தலையணையையும் தானே எடுத்துக் கீழே வைத்தாள். சிலுவை தெரிந்தது. பேரும் தெரிந்தது, அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பேர் என்று தெரிந்தது.

"இன்னாண்ணா இது?" என்று சின்னப்பனைக் கேட்டாள். "என் பையனுக்குப் பொண்ணு குடுக்கறியா, இல்ல பொணம் குடுக்கறியா? சாவுப் பொட்டிய பக்கத்துல வச்சிக்கினு துன்னு தூங்கி வளந்தவ என் வூட்ல வந்து வெளக்கு வைக்கணுமா? ஊருல இருக்கறவங்க எல்லாம் சொல்றாங்க, எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

மரியசூசை, "எனக்குத் தெரியும்மா," என்றான்.

"நீ பேசாத. உனக்கு ரயிலு மோதினாகூட அப்புறந்தான் தெரியும்."

பிறகு அவள் சொன்னது நீளம். சுருக்கமாகச் சொன்னால்: இந்தப் பெட்டி இன்றைக்கே எரிய வேண்டும், தன் கண் முன்னால் எரிய வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஓலை வாசிக்கும்போது கோயிலில் எழுந்து நின்று தடை சொல்லுவேன்.

சின்னப்பன் பின்கட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்துவந்தார். அந்தப் பெட்டிக்குப் பலகை கொடுத்தவர் அவர். அதிலிருந்து விதை எடுத்து விதைத்தவரும் அவர். சவுரிராயன் தங்கையைப் பார்த்தான். இருதயமேரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தகப்பனிடம், "நைனா, செத்த இரு. வெதய எடுத்துக்கறேன்," என்றாள்.

ஒத்துக்கொண்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அஞ்சம்மாள் பெருமூச்சு விட்டாள்; அதில் நிம்மதி எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. இருதயமேரி பாயை விரித்தாள். முறத்தால் அள்ளி அள்ளி, வாரத்துப் பங்கு போகச் சேர்த்து வைத்திருந்த விதைக்காய் முழுவதையும் பாயில் குவித்தாள். நிதானமாகச் செய்தாள். வேப்பிலைச் சருகைக் கூட்டி எடுத்தாள். ஈரத்துணியால் உள்ளே துடைத்தாள். கோடாலிக்காரர் காத்துக்கொண்டே நின்றார். இவள் இன்னும் எதற்கு இதைத் துடைக்கிறாள் என்று ஜெயம் கேட்க வாயெடுத்த நேரம், இருதயமேரி புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்குள் காலை வைத்தாள்.

அஞ்சம்மாள் "ஐயோ மாதாவே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இருதயமேரி படுக்கப் பார்த்தாள். தோள் இரண்டும் இறங்கவில்லை. ஒருக்களித்துத் திரும்பினால்தான் கொஞ்சம் இறங்கிற்று. தலை தலைமாட்டுப் பலகையில் முட்டியது. கால் நீளவில்லை. முட்டியை மடக்கிப் பார்த்தாள், மூக்குக்கு நேரே வந்தது. கடைசியில் இரண்டு காலையும் தூக்கிப் பெட்டியின் விளிம்புக்கு வெளியே போட்டாள். முழங்காலுக்குக் கீழே அத்தனையும் வெளியில் தொங்கின. அந்த நிலையில் கிடந்துகொண்டு, தொண்டை நெருக்கிய குரலில்,

"அளந்து பாருங்க அத்தே," என்றாள்.

முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மரியசூசை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். ஜெயம் திரும்பி அவனை முறைத்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். அவள் பயந்து வந்தது, கருகருவென்று வாயைத் திறந்துகொண்டு மருமகளுக்காகக் காத்திருக்கிற ஒரு பெட்டிக்கு. இங்கே இருந்தது, வளர்ந்த பெண் தன் சின்ன வயதுப் பாவாடை சட்டைக்குள் நுழையப் பார்த்தது போல ஒரு காட்சி. கிட்டப் போனாள். பெட்டி விளிம்பிலிருந்து வெளியே கிடந்த காலைத் தன் கையால் சாண் போட்டாள். ஒன்று. இன்னொன்று. அதற்கு மேலும் மிச்சம் இருந்தது. ஆசாரி முடிச்சுக்கு முடிச்சு அளவாகச் செய்த பெட்டி. உள்ளே அசையக் கூடாது என்று ஒரு தாய் கேட்டுச் செய்தது. அது அந்தப் பதினோரு வயதுச் சிறுமியின் அளவிலேயே நின்றுவிட்டது. அவள் மட்டும் நிற்கவில்லை.

"எழுந்திரிடி," என்றாள் ஜெயம். "இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

"வரல அத்தே. மாட்டிக்கினேன்."

மரியசூசை இப்போது வாய்விட்டுச் சிரித்தான். சவுரிராயனும் சிரித்தான், ஆனால் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஜெயம் இரண்டு கையையும் நீட்டி, பலமாகக் காலை ஊன்றி, மருமகளைப் பெட்டியிலிருந்து இழுத்து வெளியே எடுத்தாள். மூச்சு வாங்கினாள். பாயில் குவிந்து கிடந்த காயில் ஒன்றை எடுத்து உடைத்தாள். பருப்பை வாயில் போட்டுக் கடித்தாள். இன்னொன்று உடைத்தாள்.

"பூச்சியே இல்லியே."

"வேப்பெல போடுவேன் அத்தே."

"எங்க கொல்லைக்கு வருசா வருசம் வெத வாங்கியே என் தாலி அந்து போவுது," என்றாள் ஜெயம். தாலி எப்போதோ போய்விட்டது என்பது அவளுக்கே அப்புறம்தான் நினைவு வந்தது போலிருக்கிறது. சட்டென்று சின்னப்பன் பக்கம் திரும்பினாள். "அத ஏண்ணா இன்னும் புடிச்சிக்கினு நிக்கிற, கீழ போடு. இது இவளுக்குப் பத்தாது. பொட்டிய வண்டில ஏத்தி அனுப்பு. வெதயோட அனுப்பு. வெறும் பொட்டிய அனுப்பினா பேஜாராப்பூடும், சொல்லிட்டேன்."

எரிக்க வந்தவள் அதைச் சீர்வரிசையாகக் கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெயத்தம்மாள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, யாராவது எழுந்து பார்க்கட்டும் என்கிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலியாணம் அந்த வாரமே நடந்தது. வெளியே வேப்பமரத்தடியில் வண்டி தயாராக நின்றது. அதில் பாய், பாத்திரம், இரண்டு புடவை, விதை நிறைந்த பெட்டி. பாதி விதையைப் பெற்றவர்களின் ஓடைத் துண்டுக்கென்று பிரித்து, புதிதாக வாங்கின தகர டின்னில் அடைத்து, வேப்பிலையும் போட்டுவிட்டுத்தான் அவள் கோயிலுக்கு வந்தாள். பூசை முடிந்து, கோயில் அறையில் கலியாணப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். மரியசூசை கையெழுத்துப் போட்டான். உபதேசியார் வழக்கம்போல, மை தோய்த்த துணியைப் பெண்ணின் கட்டைவிரலுக்கு நேராக நீட்டினார். கோயில் தெருவிலிருந்து அந்தப் புத்தகத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் விரலைத்தான் வைத்திருந்தார்கள்.

இருதயமேரி துணியைப் பார்க்கவில்லை. மரியசூசை கையிலிருந்த பேனாவை வாங்கினாள். குனிந்து எழுதினாள். ஐந்து எழுத்தைப் பெரிதாக, குண்டாக எழுதினாள். கடைசி எழுத்தைச் சின்னதாக, ஒட்டி நெருக்கி எழுதினாள். பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "எடம் இருக்குதேம்மா. ஏன் இப்படி நெருக்கிட்டே?"

"அந்த எழுத்து அவ்ளோதான் சாமி," என்றாள் அவள்.

சாட்சிக் கையெழுத்துப் போட வரிசையில் நின்றிருந்த சவுரிராயன் முகத்தைப் பீடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான். இருதயமேரி பேனாவைக் கீழே வைக்காமல், பேருக்கு அடியில் வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினாள். பேருக்குக் கீழே தேதி வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டி மூடியில் இடம் விட்டு வைத்திருக்கிறதே. தனக்கு எண் எழுத வராது, போட்டுக்கொடுங்கள் என்று உபதேசியாரிடம் பேனாவைக் கொடுத்தாள். அவர் அவள் காட்டின இடத்திலேயே எழுதினார்: 1962 ஆம் ஆண்டு, மே மாதம் 16 ஆம் தேதி, புதன்கிழமை.